இங்கிலாந்தின் பார்க்லேண்ட் கோல்ஃப் மைதானங்கள்: அமைப்பும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஆடப் போகிறவர்கள், புல்தரைப் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள், மைதான வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. பந்து போய் விழும் சிறு துளையைக் ‘குழி’ என்றும், டீ (முதல் அடி அடிக்கும் இடம்) முதல் கிரீன் (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்பரப்பு) வரையிலான ஆட்டப் பகுதி முழுவதையும் ‘ஹோல்’ என்றும் எழுதியிருக்கிறோம்.

பார்க்லேண்ட் மைதானம் என்றால் என்ன? லிங்க்ஸ், ஹீத்லேண்ட் ஆகியவற்றிலிருந்து எதில் வேறுபடுகிறது?

மண்ணில்தான். மரம், ஏரி, மாளிகை எல்லாம் அதற்குப் பிறகு. லிங்க்ஸ் என்பது கடலோர மணல்மேடுகளில் அமைந்தது. மழை விழுந்த சில நிமிடங்களில் தண்ணீர் இறங்கிவிடும். புல் மெலிந்து, தரை கெட்டியாக இருக்கும். பந்து உருண்டுகொண்டே போகும். ஹீத்லேண்ட் என்பது உள்நாட்டு மணற்பாங்கான நிலம். சர்ரேயிலும் அதன் எல்லையிலும் உள்ள சன்னிங்டேல், வால்டன் ஹீத் போன்றவை இந்த வகை: ஹீதர் புதர், பைன் மரம், சத்துக் குறைந்த அமில மண். பார்க்லேண்ட் என்பது களிமண்ணோ வண்டல் கலந்த கனத்த மண்ணோ உள்ள, சத்து மிகுந்த பழைய மேய்ச்சல் நிலம். புல் தழைத்து வளரும். ஓக், பீச், லைம், ஹார்ஸ் செஸ்ட்நட் போன்ற இலையுதிர் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும். பந்து விழுந்த இடத்திலேயே ஏறக்குறைய நின்றுவிடும். குளிர்காலத்தில் சேறு.

ஆகவே பார்க்லேண்ட் வடிவமைப்பு என்றால் பெரும்பாலும் தண்ணீரையும் வெயிலையும் பற்றிய வேலைதான். பங்கர் (தடையாக வெட்டும் மணல் பள்ளம்) எங்கே வெட்டுவது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பிரபுக்களின் பூங்காவுக்குள் கோல்ஃப் எப்படி நுழைந்தது?

பூங்காக்கள் கோல்ஃபுக்காக உருவானவை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் (1716–1783), அவருக்குப் பின் ஹம்ஃப்ரி ரெப்டன் (1752–1818) போன்ற நிலக்காட்சிக் கலைஞர்கள், மாளிகையின் சன்னலிலிருந்து பார்த்தால் அழகாகத் தெரியும்படி புல்வெளியையும் மரக்கூட்டங்களையும் வளைந்த ஏரியையும் அமைத்தார்கள். ஆடு மாடுகள் மாளிகை வரை வந்துவிடாமலும், நடுவே வேலி கண்ணை உறுத்தாமலும் இருக்க, ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் சரிவுமாகப் பள்ளம் வெட்டினார்கள். அதற்கு ‘ஹா-ஹா’ என்று பெயர். சில பார்க்லேண்ட் மைதானங்களில் அந்தப் பள்ளம் இன்றும் ஆட்டத்துக்குத் தடையாக நிற்கிறது.

கடலோரம் மட்டுமே ஏற்றது என்று நினைத்திருந்த ஆட்டம் உள்நாட்டுக்கு வர மூன்று காரணங்கள் சேர்ந்தன. ஒன்று, புல்வெட்டி. எட்வின் பட்டிங் 1830இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் கனத்த மண்ணில் வளரும் புல்லை அரிவாளும் ஆடுகளும்தான் குறைக்க வேண்டும், கோடையில் அது ஆகிற காரியம் இல்லை. இரண்டு, ரயில். 1890களில் லண்டன், பர்மிங்ஹாம், மான்செஸ்டர் நடுத்தர வர்க்கத்தினர் மதியம் ஆடிவிட்டு மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் மைதானம் கேட்டார்கள். மூன்று, வரி. 1894இல் வந்த மரணச் சொத்து வரியும், பிறகு முதல் உலகப் போரும், பண்ணை வருமானச் சரிவும் பல குடும்பங்களைப் பூங்காவை விற்கவோ குத்தகைக்கு விடவோ வைத்தன. மாளிகை கிளப் ஹவுஸ் ஆனது.

எந்த மைதானங்களைப் பார்த்தால் இந்த மரபு புரியும்?

பக்கிங்ஹாம்ஷயரில் ஸ்டோக் பார்க் முதலில். ஜேம்ஸ் வயட் வடிவமைத்த மாளிகை, பிரவுனும் ரெப்டனும் கைவைத்த பூங்கா. 1908இல் நிக் லேன் ஜாக்சன் கிளப்பைத் தொடங்க, வடிவமைப்பாளர் ஹாரி கோல்ட் மைதானத்தை அமைத்தார். அதன் 7ஆம் ஹோல், தண்ணீருக்கு அப்பால் குறுக்காகக் கிடக்கும் கிரீனைக் கொண்ட பார் 3, அதாவது மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய ஹோல். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்துப் புகழ்பெற்ற 12ஆம் ஹோலுக்கு இதுவே முன்மாதிரி என்று சொல்வதுண்டு. அகஸ்டாவை அமைத்தவர்களில் ஒருவரான அலிஸ்டர் மெக்கென்சி ஒரு காலத்தில் கோல்ட்டின் கூட்டாளி என்பதால் அந்தப் பேச்சுக்கு இடம் இருக்கிறது. 2021இல் இந்தச் சொத்தை இந்தியாவின் ரிலையன்ஸ் குழுமம் வாங்கியது.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் மூர் பார்க்கும் கோல்ட்டின் கைவேலை. 1923இல் திறக்கப்பட்ட அதன் ஹை கோர்ஸ் பார் 3 ஹோலில் முடிகிறது. கடைசி ஹோல் நீளமானதாகத்தான் இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை நிலத்துக்காக விட்டுக்கொடுத்தவர் கோல்ட். பர்மிங்ஹாம் பக்கம் 1908இல் ஹாரி வார்டன் அமைத்த லிட்டில் ஆஸ்டன். அதே நகரில் எட்ஜ்பாஸ்டன் ஹால் பூங்காவில் 1936இல் கோல்ட் அமைத்த மைதானம். லண்டனை ஒட்டிய ரிச்மண்டில், ஓல்ட் டீர் பார்க்கின் தட்டையான நிலத்தில் ராயல் மிட்-சர்ரே. அங்கே ஐந்து முறை ஓப்பன் போட்டியை வென்ற ஜே. எச். டெய்லரும் கிரீன்கீப்பர் (புல்தரைப் பராமரிப்பாளர்) பீட்டர் லீஸும் 1910களின் தொடக்கத்தில் சிறு சிறு மண்மேடுகளைக் குவித்து, மேடு பள்ளமே இல்லாத நிலத்துக்கு உயிர் கொடுத்தார்கள். அந்த மேடுகள் அப்போது பெரிய விவாதம் ஆயின. மணல் இல்லாத இடத்தில் பங்கருக்கு மாற்று என்ன என்ற கேள்விக்கு அவை நேர்மையான பதில் என்பது எங்கள் கருத்து.

எவ்வளவு நிலம் வேண்டும்? நீளம், பார் எவ்வளவு?

18 ஹோலுக்கு 120 முதல் 160 ஏக்கர் வரை. மரபான மைதானத்தின் நீளம் 6,000 முதல் 6,500 கஜம். பார் 70 முதல் 72. ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையே குட்டையாக வெட்டிய புல்வெளி) அகலம் 30–40 மீட்டர். கிரீன் ஒவ்வொன்றும் சுமார் 400–600 சதுர மீட்டர். குழியின் விட்டம் உலகம் முழுக்க ஒன்றே: 108 மி.மீ., ஆழம் குறைந்தது 101.6 மி.மீ.

ஹோல்களின் வரிசையை வடிவமைப்பாளர் எப்படித் தீர்மானிக்கிறார்?

நடந்துதான். முதலில் தண்ணீர் ஓடும் திசை, உயரக் கோடுகள், பழைய மரங்கள் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, இயற்கையாகவே கிரீனுக்குப் பொருந்தும் இடங்களைத் தேட வேண்டும்: சற்றே உயர்ந்த மேடை, சரிவின் தோள், ஏரிக்கரையின் வளைவு. பார் 3 ஹோல்களுக்கு நல்ல இடங்கள் கிடைத்துவிட்டால் மற்றவற்றை அவற்றுக்கு இடையில் கோத்துவிடலாம். தொடக்கத்தையும் முடிவையும் கிளப் ஹவுஸ் தீர்மானிக்கிறது. பழைய லிங்க்ஸ் கடலோரமாகப் போய்த் திரும்பி வரும். பார்க்லேண்டில் ஒன்பது ஒன்பதாக இரண்டு சுற்றுகள், இரண்டும் மாளிகைக்கே திரும்பும்.

சில நடைமுறை விதிகள் அனுபவத்தில் பழுத்தவை. முதல் ஹோல் கிழக்கு நோக்கிப் போனால் காலை வெயில் கண்ணில் அடிக்கும். 18ஆவது மேற்கு நோக்கினால் மாலை வெயில். முதல் இரண்டு ஹோல்களில் பார் 3 வைத்தால் அங்கே வரிசை தேங்கி நாள் முழுக்க ஆட்டம் தாமதமாகும். நான்கு பார் 3களும் வெவ்வேறு திசை பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், ஒரே திசையில் இருந்தால் நான்கு முறையும் ஒரே அடிதான்.

எல்லை விஷயம் தனி. வலக்கை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரின் தவறான அடி வலப்பக்கம் வளையும். எனவே எல்லையோர ஹோல்களைக் கடிகாரச் சுற்றில் அமைத்தால் வேலி இடப்பக்கம் வரும், பிசகிய பந்து மைதானத்துக்குள்ளேயே விழும். எதிர்ச்சுற்றில் அமைத்த பழைய மைதானங்கள் இன்று பக்கத்து வீட்டுக் கூரைக்கும் சாலையில் போகும் காருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஹோலின் மையக்கோட்டிலிருந்து எல்லை வரை 60 மீட்டராவது விடுவது இன்றைய வழக்கம். 1920களில் அதைவிடக் குறைவாகவே விட்டார்கள், அப்போது எல்லைக்கு அப்பால் வயல்தான் இருந்தது.

லண்டனில் ஆண்டு மழை சுமார் 600 மி.மீ.தானே, சென்னையில் 1,400. அங்கே ஏன் வடிகால் பற்றி இவ்வளவு பேச்சு?

நல்ல கேள்வி. பெய்யும் அளவைவிட, பெய்த தண்ணீர் எங்கே போகிறது என்பதே முக்கியம். டிசம்பர், ஜனவரியில் அங்கே புல்லும் மண்ணும் ஆவியாக விடும் நீர் நாளுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஜூனில் மூன்று மில்லிமீட்டர் வரை போகும். அக்டோபரில் நனைந்த களிமண் மார்ச் வரை காய்வதே இல்லை. அந்த ஈரத்தில் தினமும் நூறு பேர் தள்ளுவண்டியோடு நடந்தால் மண்ணின் காற்றிடைவெளிகள் நசுங்கி மூடிக்கொள்ளும். பிறகு சிறு தூறலும் மேலேயே நிற்கும்.

ஃபேர்வே வடிகாலின் அமைப்பு இது. முதன்மைக் குழாய் 100–150 மி.மீ. விட்டம், 60–75 செ.மீ. ஆழம், நூற்றுக்கு ஒன்று முதல் இருநூற்றுக்கு ஒன்று வரை சரிவு. அதில் மீன்முள் வடிவில் வந்து சேரும் 80 மி.மீ. கிளைக்குழாய்கள், மண்ணைப் பொறுத்து 5 முதல் 10 மீட்டர் இடைவெளியில். குழாய்க்கு மேல் சரளை, அதன் மேல் மணல். மிக மோசமான இடங்களில் கிளைக்குழாய்களுக்குக் குறுக்கே, மீட்டருக்கு ஒன்றாக, 50 மி.மீ. அகலமும் 25–30 செ.மீ. ஆழமும் உள்ள பிளவுகளை வெட்டிச் சரளையும் மணலும் நிரப்புவார்கள்.

தவறுகள் பெரும்பாலும் நான்கு இடங்களில் நடக்கின்றன. சரளையின் மேல் களிமண்ணைத் திருப்பிப் போட்டு மூடிவிடுவது: மேற்பரப்புத் தண்ணீர் குழாயைத் தொடவே தொடாது, செலவு முழுக்க வீண். பிளவு வெட்டிய பிறகு ஆண்டுதோறும் மணல் தூவாமல் விடுவது: மண்புழு மண் மேலே படிந்து பிளவின் வாயை அடைத்துவிடும். கோடை வறட்சியில் களிமண் சுருங்கிப் பிளவு வாய் பிளப்பது. லண்டன் களிமண்ணில் இது வாடிக்கை, அப்போது உலர் மணலைத் தூரிகையால் உள்ளே தள்ள வேண்டும்.

நான்காவது தவறுதான் அதிகம் கவனிக்கப்படாதது. பல பூங்காக்களின் அடியில் 19ஆம் நூற்றாண்டு விவசாயிகள் பதித்த சுட்ட களிமண் குழாய்கள் இன்றும் தண்ணீர் கடத்திக்கொண்டிருக்கின்றன. புதிதாகக் கால்வாய் வெட்டும் இயந்திரம் அவற்றை அறுத்துவிட்டுப் போனால், நூறாண்டாகக் காய்ந்திருந்த இடம் அடுத்த குளிர்காலத்தில் சதுப்பாகும். வெட்டும்போது பழைய குழாய் தென்பட்டால் வேலையை நிறுத்தி, புதிய குழாயோடு இணைத்து, இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டுத்தான் தொடர வேண்டும். புதுக் குழாய் பதிக்கும் முன், வெளியேறும் ஓடையின் வாயைச் சுத்தம் செய்து பாருங்கள். பாதி இடங்களில் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

இடைக்கால உழவின் அடையாளமான வரப்பும் சாலும் அலை அலையாகத் தெரியும் ஃபேர்வேக்களும் உண்டு. அவற்றைச் சமப்படுத்தும் ஆசை வரும். கூடாது. சால்தான் அங்கே வடிகால். தவிர அது தொல்லியல் அடையாளமும்கூட.

கிரீன் எப்படிக் கட்டப்படுகிறது?

பழையவை உள்ளூர் மண்ணை மேடாகத் தள்ளி, மேலே நல்ல மண்ணும் கொஞ்சம் மணலும் கலந்து அமைத்தவை. இன்று புதிதாகக் கட்டுவோர் பெரும்பாலும் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறையையே, பின்னர் வந்த திருத்தங்களோடு, பின்பற்றுகிறார்கள். அடித்தளத்தை மேற்பரப்பின் வடிவத்திலேயே வெட்டி, 5 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் குழாய்கள், அதன் மேல் 10 செ.மீ. சரளை, அதன் மேல் 30 செ.மீ. மணல் கலவை. 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 50 கன மீட்டர் சரளை, 150 கன மீட்டர் கலவை. இதில் சரளையின் அளவும் மணலின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மணல் சரளைக்குள் இறங்கி அடைத்துவிடும். அதற்காகவே ஆய்வகச் சோதனை. காசு மிச்சம் என்று அதைத் தவிர்ப்பவர்கள் கிரீனையே மீண்டும் தோண்டுகிறார்கள்.

மேற்பரப்பில் தண்ணீர் குறைந்தது இரண்டு திசைகளில் வழிய வேண்டும். எல்லாம் முன்பக்கம் வழிந்தால் ஆட்டக்காரர் ஏறி வரும் வாசலே சேறாகும்.

பழைய மண் கிரீன்களை இடித்துவிட்டுப் புதிது கட்ட வேண்டுமா என்றால், நிழலும் அடைபட்ட குழாயும்தான் காரணமா என்று முதலில் பார்க்கச் சொல்வோம். நன்றாகப் பராமரித்த மண் கிரீன்கள் நூறு வயதிலும் அருமையாக இருக்கின்றன.

பழைய கிரீன்களில் பந்து நிற்காமல் ஓடுகிறதே, வடிவமைப்பில் பிழையா?

வடிவமைப்பில் இல்லை, புல் உயரத்தில். 1920களில் கிரீன் புல்லை இன்றைய அளவு ஒட்ட வெட்டவில்லை. நூற்றுக்கு நான்கு, ஐந்து என்ற சரிவிலும் பந்து நின்றது. இன்று கோடையில் 3.5–4.5 மி.மீ.க்கு வெட்டுகிறார்கள். வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்ற 36 அங்குலக் கோல் இருக்கிறது. அதன் பள்ளத்தில் பந்தை வைத்து ஒரு முனையைச் சுமார் 20 பாகை உயர்த்தினால் பந்து தானே உருளும். அது ஓடும் தூரமே வேகம். அளவீடு 10 அடியைத் தாண்டினால் குழி வைக்கும் இடத்தில் சரிவு நூற்றுக்கு மூன்றுக்குள் இருக்க வேண்டும். கோல்ட் அமைத்த சரிவை இடித்துச் சமமாக்குவதைவிட, அரை மில்லிமீட்டர் உயர்த்தி வெட்டுவது மலிவு. பழைய கைவேலைக்கும் மரியாதை.

பங்கர்கள் ஏன் அடிக்கடி குட்டையாகின்றன?

களிமண்ணில் வெட்டிய பங்கர் ஒரு தொட்டி. அடியில் குழாய் இல்லாமல் மணல் கொட்டினால் தண்ணீர் போக வழியில்லை. அடிப்பகுதியில் சரளை சூழ்ந்த குழாய், அதன் வெளியேற்றம் தாழ்வான இடத்தை நோக்கி, பக்கங்களில் விரிப்பு அல்லது தண்ணீர் கடத்தும் பூச்சு, பிறகு மணல்: அடியில் 10–15 செ.மீ., முகப்பில் 5 செ.மீ. நூறு சதுர மீட்டர் பங்கருக்கு ஏறக்குறைய 20 டன். மணல் 0.25 முதல் 1 மி.மீ. வரை, கோணல் துகள்களாக, சுண்ணாம்பு இல்லாமல் இருக்க வேண்டும். உருண்டைத் துகளில் பந்து புதைந்துவிடும்.

சுற்றியுள்ள தரையின் தண்ணீர் பங்கருக்குள் வழியாதபடி விளிம்பைச் சற்று உயர்த்துவது எளிய வேலை, பலரும் மறப்பது. ஒவ்வொரு பலத்த மழையிலும் முகப்பு மணல் சரிந்து களிமண்ணோடு கலக்கும். கலந்த மணலின் மேல் புது மணல் போட்டால் பயனில்லை, எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். டீயிலிருந்து 150–200 கஜத்தில் இருந்த பழைய பங்கர்களை இன்றைய நல்ல ஆட்டக்காரர் தாண்டிவிடுகிறார். சாதாரண உறுப்பினரோ அதில் மாட்டித் தவிக்கிறார். எனவே சிலவற்றை மூடி, 220–260 கஜத்தில் ஒன்றிரண்டை மட்டும், ஃபேர்வேயின் ஓரம் கடிப்பது போல வைப்பது நல்லது. இரு பக்கமும் சமமாக வைத்தால் ஆட்டக்காரருக்குத் தேர்வு எதுவும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் வைத்து, அதை ஒட்டி அடிப்பவருக்குக் கிரீனின் வாசல் திறந்திருக்கும்படி செய்தால், அவர் ஒவ்வொரு முறையும் யோசித்து அடிப்பார்.

மரங்கள்தானே பார்க்லேண்டின் அழகு? ஏன் வெட்டச் சொல்கிறார்கள்?

இதில்தான் உறுப்பினர்களிடையே சண்டை மூள்கிறது, எனவே விரிவாகவே சொல்கிறோம்.

பிரவுன் காலத்துப் பூங்காவில் மரங்கள் தனியாகவோ கூட்டமாகவோ, நடுவே பரந்த புல்வெளியோடு நின்றன. இன்று பல மைதானங்களில் காணும், ஃபேர்வேயின் இரு பக்கமும் வேலி போல நிற்கும் மர வரிசை மரபு அல்ல. 1960களின் பிற்பகுதியிலிருந்து எல்ம் நோய் கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. 1973இல் நாடெங்கும் மரம் நடும் இயக்கம் நடந்தது. நல்ல எண்ணத்தோடு, சீக்கிரம் வளரும் லேலண்டி சைப்ரஸ், பாப்லர், சில்வர் பர்ச் ஆகியவற்றை வரிசையாக நட்டார்கள். ஐம்பதாண்டில் அவை வளர்ந்து, அசல் ஓக் மரங்களை மறைத்து, கிரீன்களை இருட்டாக்கிவிட்டன.

நிழலின் கணக்கைப் பாருங்கள். லண்டன் அட்சரேகையில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் உயரும். 20 மீட்டர் மரத்தின் நிழல் 75 மீட்டர் நீளும். சென்னையில் அதே நாளில் அதே மரத்துக்கு 15 மீட்டர்தான். ஆக, கிரீனுக்குத் தெற்கே 60 மீட்டர் தள்ளி நிற்கும் பசுமை மாறா மர வரிசைகூட டிசம்பர் முழுக்க வெயிலை மறைக்கும். கிழக்கிலும் தென்கிழக்கிலும் உள்ள மரங்கள் காலை வெயிலைத் தடுப்பதால் பனியும் உறைபனியும் நெடுநேரம் நிற்கும். அந்த ஈரத்தில் பூஞ்சை பரவும். காற்றோட்டம் இல்லாவிட்டால் இன்னும் மோசம். வேர்களோ கோடையில் கிரீனின் தண்ணீரைக் குடிக்கும்.

எனவே வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது: ஒவ்வொரு கிரீனிலும் ஜூனிலும் டிசம்பரிலும் காலை, நண்பகல், மாலை எங்கே நிழல் விழுகிறது என்று குறியுங்கள். எந்த மரம் காரணம் என்று தெரியும். பழைய ஓக், பீச் நிற்கட்டும். அவற்றை நெருக்கும் பிற்காலத்து மரங்களை எடுங்கள். சட்டமும் உண்டு. பாதுகாப்பு ஆணை உள்ள மரத்துக்கு உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். காலாண்டுக்கு 5 கன மீட்டருக்கு மேல் மரம் வெட்டினால் வனத்துறை ஆணையத்தின் உரிமம் வேண்டும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம், தவிர்க்க வேண்டும். புது வடிகால் வெட்டும்போது, காக்க வேண்டிய மரத்திலிருந்து தண்டு விட்டத்தின் 12 மடங்கு தூரத்துக்கு உள்ளே தோண்டக் கூடாது: ஒரு மீட்டர் தண்டுக்கு 12 மீட்டர்.

ஆஷ் மரங்களைத் தனியாகக் கவனியுங்கள். 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் அவை கிளை காய்ந்து நொறுங்குகின்றன. டீக்கும் நடைபாதைக்கும் அருகில் இருப்பவற்றை ஆண்டுதோறும் தகுதியுள்ள மர வல்லுநர் பார்க்க வேண்டும்.

என்ன புல், எவ்வளவு உயரம்?

கிரீனில் விரும்பப்படுவது பிரவுன்டாப் பென்ட், ஃபெஸ்க்யூ. கனத்த ஈர மண்ணில் தானாக வந்து பிடித்துக்கொள்வது போவா அனுவா என்ற ஆண்டுப் புல். இதன் வேர் ஆழம் போகாது, நோய் சீக்கிரம் வரும், ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் விதைக்கதிர் விட்டுப் பரப்பைக் கரடாக்கும். முற்றாக ஒழிப்பது பார்க்லேண்டில் நடவாத காரியம். உரத்தையும் தண்ணீரையும் குறைத்து, வெயிலைத் திறந்துவிட்டால் பென்ட் மெல்ல இடம் பிடிக்கும்.

கோடை உயரங்கள்: டீ 10–12 மி.மீ., ஃபேர்வே 12–15, அரை ரஃப் 35–50, ரஃப் (ஃபேர்வேக்கு வெளியே உயரமாக விடும் புல்) 75க்கு மேல். குளிர்காலத்தில் கிரீனை 5–6க்கு உயர்த்த வேண்டும்.

அடியில் சேரும் மட்கிய நார்ப்படலம் கடற்பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதற்காகவே துளையிடுவதும் மணல் தூவுவதும். ஹெக்டேருக்கு ஆண்டில் 80–100 டன் மணல், ஒரே தடவையில் கொட்டாமல் பல மெல்லிய தூவல்களாக. உறுப்பினர்கள் துளையிடலைக் குறை சொல்வார்கள். அதை நிறுத்திய மைதானம் இரண்டே குளிர்காலத்தில் தெரிந்துவிடும்.

பூச்சி, நோய்?

இலையுதிர்காலத்தின் வெதுவெதுப்பான ஈரத்தில் மைக்ரோடோக்கியம் பூஞ்சை செம்பழுப்பு வட்டங்களாக வரும். தாமதமாகப் போட்ட நைட்ரஜன் உரம் அதற்கு விருந்து. அதிகாலையில் பனித்துளியை நீள மூங்கிலால் தட்டிவிடுவது பழைய முறை, இன்றும் பலன் தருகிறது.

கிரேன் ஈ ஆகஸ்ட், செப்டம்பரில் முட்டையிடும். அதன் புழுக்கள் வேரைத் தின்னும். புழுவைவிட, அதைத் தேடிக் கொத்தும் காகங்களே அதிகச் சேதம் செய்யும். மண் குளிரும் முன், அந்தப் புழுக்களைக் கொல்லும் நூற்புழுக்களைத் தெளிப்பது ஒரு வழி.

மண்புழுவைக் கொல்ல இன்று அனுமதி பெற்ற மருந்து இல்லை; முன்பு பயன்பட்ட கார்பென்டசிம் விலக்கப்பட்டுவிட்டது. வெட்டிய புல்லை அள்ளிவிடுங்கள், மணல் தூவுங்கள், புழுமண் காய்ந்த பிறகு மட்டும் தூரிகையால் பரத்துங்கள். ஈரத்தில் இழுத்தால் பூசி மெழுகியது போலாகிப் புல் மூச்சு முட்டும்.

உறைபனி நாளில் ஏன் கிரீனை மூடிவிடுகிறார்கள்?

உறைந்த இலையின் மேல் மிதித்தால் செல்கள் உடையும். மறுநாள் காலடி வடிவிலேயே கறுத்த தடம். அது ஆறிவிடும். அதைவிட ஆபத்தானது பனி இளகும் வேளை: மேல் ஓரிரு சென்டிமீட்டர் இளகி, அடி உறைந்தே இருக்கும். அப்போது நடந்தால் வேர் அறுந்து மேற்பரப்பு நழுவும். வெயில் வந்துவிட்டதே, ஏன் திறக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஃபேர்வேயில் அமைக்கும் தற்காலிகக் கிரீனை அக்டோபரிலேயே இடம் தேர்ந்து, படிப்படியாக வெட்டித் தயார் செய்தால்தான் ஜனவரியில் ஆடத் தகுதியாக இருக்கும்.

கோடையில் தண்ணீர்?

மரபான மைதானம் கிரீனுக்கும் டீக்கும் மட்டுமே தண்ணீர் விடும். ஃபேர்வே பழுப்பாகும், மழை வந்ததும் பச்சை திரும்பும். 1976, 2018, 2022 வறட்சிகளிலும் அப்படித்தான் மீண்டன. 18 கிரீன்களின் பரப்பு 9,000 சதுர மீட்டர் என்றால் 3 மி.மீ. நீருக்கு 27 கன மீட்டர். ஓடையிலிருந்தோ ஆழ்துளையிலிருந்தோ நாளுக்கு 20 கன மீட்டருக்கு மேல் எடுக்க உரிமம் தேவை என்பதால், குளிர்காலத்தில் நிரப்பி வைக்கும் குளம் நல்ல முதலீடு.

முதன்முறை ஆடுபவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

பந்தைத் தரையில் உருட்டிக் கிரீனேற்றும் ஆசையை விடுங்கள். வானில் அனுப்பி இறக்க வேண்டிய மைதானம் இது. குளிர்காலத்தில் பந்து உருளாததால் வழக்கத்தைவிட ஒரு நம்பர் நீளமான கிளப்பை (மட்டையை) எடுங்கள்.

கிளப் அறிவிப்புப் பலகையில் குளிர்கால விதி அமலில் இருந்தால், ஃபேர்வே உயரத்துக்கு வெட்டிய புல்லில் மட்டும் பந்தை எடுத்து, துடைத்து, பலகை சொல்லும் தூரத்துக்குள் – பெரும்பாலும் ஆறு அங்குலம் – குழிக்கு அருகே போகாமல் வைக்கலாம். அந்த விதி இல்லாவிட்டாலும், தன் அடியிலேயே மண்ணில் புதைந்த பந்துக்கு ஃபேர்வேயிலும் ரஃபிலும் தண்டனையின்றி விடுதலை உண்டு. பங்கரில் மழைநீர் தேங்கியிருந்தால், பங்கருக்குள்ளேயே நகர்த்தினால் தண்டனை இல்லை. வெளியே எடுத்தால் ஓர் அடி.

ஈரக் கிரீனில் பந்து விழுந்த பள்ளம் ஆழமாக இருக்கும். முள்கருவியை விளிம்பில் குத்தி மண்ணை நடுவை நோக்கித் தள்ளுங்கள். அடியிலிருந்து நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து, அந்த இடம் வாரக்கணக்கில் வெளுத்துக் கிடக்கும்.

பழைய மைதானத்தைச் சீரமைக்க எதிலிருந்து தொடங்குவது?

ஆவணங்களிலிருந்து. கிளப்பின் பழைய குறிப்பேடுகள், தொடக்க கால வரைபடம், இரண்டு உலகப் போர்களுக்கு இடையிலும் 1940களிலும் எடுத்த வான்படங்கள்: மூடப்பட்ட பங்கரும் சுருங்கிய கிரீனின் அசல் விளிம்பும் அவற்றில் தெரியும். பல கிரீன்கள் புல்வெட்டி ஒவ்வொரு ஆண்டும் சற்று உள்ளே திரும்பியதால் மட்டுமே சுருங்கியவை. விளிம்பை மெல்ல வெளியே வெட்டிக்கொண்டே போனால், மண்ணைத் தொடாமலே மூலை இடங்கள் திரும்பக் கிடைக்கும். பூங்கா வரலாற்றுப் பதிவேட்டில் இருந்தால் மண் அசைக்கும் வேலைக்கு முன் உள்ளாட்சியிடம் பேசிவிடுங்கள்.

பிறகு வரிசை இது: முதலில் ஓடைகளும் வடிகாலும், அடுத்து நிழல் தரும் மரங்கள், அடுத்து கிரீன் விளிம்புகள், கடைசியில் பங்கர்கள். பங்கர் கண்ணில் படும் வேலை என்பதால் குழுக்கள் அதை முதலில் எடுக்கும். அப்போது வடிகால் குழாய்க்காக ஒரு வருடத்தில் அதே பங்கரின் நடுவே கால்வாய் வெட்ட வேண்டி வரும்.